எட்டு யூஎஸ்பி போர்ட் போதுமா? மேசைக் கணினியோடு சில ஆண்டுகள்

என் மேசைக் கணினியில் மொத்தம் எட்டு யூஎஸ்பி போர்ட்டுகள். பின்பக்கம் ஆறு, முன்பக்கம் இரண்டு. பின்னால் இருக்கும் ஆறில் நான்கு பழைய 2.0 வகை, இரண்டு 3.0 வகை. முன்னால் இருக்கும் இரண்டுமே 3.0. டைப்-சி ஒன்றுகூடக் கிடையாது. வீட்டு வேலைக்கும் அலுவலக வேலைக்கும் வரும் சாதாரண மதர்போர்டுகள் (கணினியின் பாகங்கள் எல்லாம் இணையும் முதன்மைப் பலகைகள்) பலவற்றில் ஏறத்தாழ இதே அமைப்பைப் பார்க்கலாம். கணினி வாங்கும்போது பிராசஸர் எது, ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி எத்தனை ஜிபி என்று மணிக்கணக்கில் அலசுகிறோம். பின்பக்கப் படத்தை உற்றுப் பார்ப்பவர்கள் குறைவு. சில ஆண்டுகள் தினமும் புழங்கிய பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: எண்ணிக்கையில் பெரிய குறை இல்லை. எந்த வகை போர்ட் எந்த இடத்தில் இருக்கிறது என்பதில் குறை இருக்கிறது.

ஒருமுறை சொருகிவிட்டால் பிறகு கழற்றவே கழற்றாத சாதனங்களை முதலில் பார்ப்போம். கீபோர்டு, வயர்லெஸ் மவுஸின் டாங்கிள் (சிக்னலை வாங்கும் சின்ன யூஎஸ்பி துண்டு), பிரின்டர், வெப்கேம். நான்கு போயிற்று. அப்புறம் யூபிஎஸ். சில யூபிஎஸ்களின் பின்னாலும் ஒரு யூஎஸ்பி போர்ட் இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. அதைக் கணினியோடு இணைத்தால், லேப்டாப்பில் தெரிவது போலவே விண்டோஸில் பேட்டரிக் குறி வந்துவிடுகிறது. மின்சாரம் போய் பேட்டரியும் தீரப்போகிறது என்றால் கணினி தானே முறையாக அணைந்துகொள்ளும். நல்ல வசதி, விட மனமில்லை. ஆக ஐந்து. என் மதர்போர்டில் புளூடூத் இல்லாததால் அதற்கும் ஒரு டாங்கிள். பின்பக்கம் முழுக்க நிரம்பிவிட்டது.

மிச்சம் முன்பக்கத்து இரண்டு. பென் டிரைவ், போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு ரீடர், போன் கேபிள் எல்லாம் அந்த இரண்டுக்காகத்தான் வரிசையில் நிற்கின்றன. விவரப் பட்டியலில் எட்டு என்று போட்டிருந்தாலும் அன்றாடம் கைக்குக் கிடைப்பது இரண்டுதான். கொஞ்சம் அகலமான பென் டிரைவ் ஒன்றைச் சொருகினால் அதுவும் ஒன்றாகிவிடும், பக்கத்துப் போர்ட்டை அது மறைத்துக்கொள்ளும்.

எதை எங்கே சொருகுவது என்பதில் கொஞ்சம் யோசித்தால் பாதிப் பிரச்சினை தீரும். யூஎஸ்பி 2.0 வந்தது 2000-இல். வினாடிக்கு 480 மெகாபிட் (எட்டு மெகாபிட் ஒரு மெகாபைட்) என்பது அதன் உச்ச வேகம். கோப்பு நகலெடுக்கும்போது கிடைப்பது வினாடிக்கு 30 முதல் 40 மெகாபைட் வரைதான். 2008-இல் வந்த 3.0-க்கு 5 கிகாபிட். கீபோர்டு, மவுஸ், பிரின்டர், யூபிஎஸ் ஆகியவற்றுக்கு இந்த வேகத்தால் ஒரு பயனும் இல்லை, 2.0-வே தாராளம். ஹார்ட் டிஸ்க்குக்கு அப்படியில்லை. 100 ஜிபி பேக்கப் எடுக்க 2.0-வில் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். சுழலும் வகை போர்ட்டபிள் டிஸ்க்கையே 3.0-வில் போட்டால் கால் மணி நேரத்தில் முடியும். எஸ்எஸ்டி என்றால் இன்னும் சீக்கிரம். எனவே கீபோர்டையும் பிரின்டரையும் 3.0-வில் சொருகி வைத்துக்கொண்டு, நகலெடுக்க நேரமாகிறதே என்று ஹார்ட் டிஸ்க்கைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

உள்ளே நீலப் பிளாஸ்டிக் இருந்தால் 3.0 என்பது பொதுவான அடையாளம். ஆனால் நீலம் கட்டாயம் இல்லை. கறுப்பிலும் சிவப்பிலும் வேகமான போர்ட்டுகள் வருகின்றன. பக்கத்தில் ‘எஸ்எஸ்’ (சூப்பர்ஸ்பீட்) குறி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இதில் பெயர்க் குழப்பம் வேறு. 3.0 என்பதை முதலில் 3.1 ஜென் 1 என்று மாற்றினார்கள், பிறகு 3.2 ஜென் 1 என்றார்கள். மூன்றும் அதே 5 கிகாபிட்தான். இந்தப் பெயர்களை வைத்த குழுவில் ஒருவராவது கடைக்குப் போய் ஒரு கேபிள் வாங்கிப் பார்த்திருப்பாரா என்பது என் நெடுநாள் சந்தேகம்.

போர்ட் பற்றாக்குறைக்கு எல்லோரும் முதலில் சொல்வது, ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரித்துத் தரும் ஹப். அதற்கு முன்னால் கேபினெட்டை, அதாவது கணினிப் பெட்டியை, திறந்து பார்ப்பது நல்லது. முன்பக்கப் போர்ட்டுகள் மதர்போர்டில் நேராகப் பொருத்தப்பட்டவை அல்ல, உள்ளே இருக்கும் ஊசி வரிசை ஒன்றிலிருந்து கேபிள் வழியாக வருபவை. பெரிய, 19 ஊசி இணைப்பிலிருந்து இரண்டு 3.0 போர்ட்டுகள் கிடைக்கும். சிறிய, 9 ஊசி இணைப்பிலிருந்து இரண்டு 2.0 போர்ட்டுகள். என் மதர்போர்டில் அந்தச் சிறிய இணைப்பு ஒன்று யாரும் தொடாமல் சும்மா கிடந்தது. அதில் மாட்டி, கேபினெட்டின் பின்பக்கத்தில் காலியாக இருக்கும் ஸ்லாட்டில் பொருத்திக்கொள்ளும் சின்னத் தகடு கிடைக்கிறது. திருகாணி ஒன்று, கேபிள் ஒன்று, அவ்வளவுதான். எட்டு பத்தாகிவிட்டது. பிரின்டரும் யூபிஎஸ்ஸும் அங்கே குடிபோய்விட்டன. பிறகு வெப்கேமை 2.0 பக்கம் நகர்த்தியதில், பின்னால் ஒரு 3.0 போர்ட் விடுபட்டது. இதே கணக்கைத் திருப்பியும் பார்க்க வேண்டும்: கேபினெட்டின் முகப்பில் நான்கு போர்ட் இருந்தாலும், அவற்றுக்கு ஈடான ஊசி இணைப்புகள் மதர்போர்டில் இல்லையென்றால் இரண்டு வெறும் ஓட்டைதான்.

இனி மவுஸ் விஷயம். இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலர் இதை மவுஸின் கோளாறு என்று நினைத்துப் புது மவுஸ் வாங்கிவிடுகிறார்கள். முன்பக்கத்தில் ஹார்ட் டிஸ்க்கைச் சொருகிப் பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது மவுஸ் திக்கித் திணறியது. அம்புக்குறி ஓரிடத்தில் நின்று, பிறகு துள்ளி வேறிடத்துக்குப் போகும். நகலெடுப்பது முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடும். பேட்டரி மாற்றினாலும் அதேதான். காரணம், யூஎஸ்பி 3.0 முழு வேகத்தில் இயங்கும்போது எழும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவுகிறது. வயர்லெஸ் மவுஸும் புளூடூத்தும் இயங்குவது அதே அலைவரிசையில். 2012-இல் இன்டெல் நிறுவனமே இதைச் சோதித்து ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டிருக்கிறது. டாங்கிள், 3.0 போர்ட்டுக்கோ அதன் கேபிளுக்கோ ஒட்டினாற்போல இருந்தால் தொல்லை அதிகம். பின்பக்கத்திலேயே இருந்தால் தப்பிவிடுமே என்றால், டாங்கிளுக்கும் மவுஸுக்கும் நடுவே கேபினெட்டின் இரும்புப் பெட்டி முழுசாக நிற்கிறது, சிக்னல் அதிலும் குறையும்.

தீர்வு மிக எளியது. ஒரு 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளைப் பின்பக்க 2.0 போர்ட்டில் சொருகி, மறுமுனையை மேசைக்குக் கொண்டுவந்து, டாங்கிளை அதில் போட்டேன். அன்றிலிருந்து மவுஸ் திணறவில்லை. புளூடூத் டாங்கிளுக்கும் அதையே செய்தேன், ஹெட்போனில் பாட்டு விட்டு விட்டுக் கேட்பது நின்றது. காசு போட்டு வேகமான போர்ட் வாங்கிய இடத்தில், டாங்கிளுக்காகப் பழைய போர்ட்டைத் தேடிப் போக வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

முன்பக்கப் போர்ட்டுகளுக்கு இன்னொரு தலைவலி, தேய்மானம். சாதாரண ஏ வகை யூஎஸ்பி இணைப்பு 1,500 முறை சொருகிக் கழற்றுவதைத் தாங்க வேண்டும் என்பது அதற்கான தரம். டைப்-சிக்கு 10,000 முறை. நாள்தோறும் பலமுறை பென் டிரைவ் போடுகிற இடத்தில் 1,500 ஒன்றும் பெரிய எண் இல்லை. என் இரண்டில் ஒன்று இப்போது தளர்ந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் கேபிள் கொஞ்சம் அசைந்தாலே இணைப்பு விட்டுப் போகிறது. இப்போது மற்றொன்றில் ஒரு குட்டை எக்ஸ்டென்ஷன் கேபிளை நிரந்தரமாகச் சொருகி வைத்திருக்கிறேன். இனி தேய்ந்தால் அது தேயட்டும், மாற்றிக்கொள்ளலாம்.

சரி, ஹப். ஒரு யூஎஸ்பி கட்டுப்பாட்டுச் சிப்பின் கீழ் 127 சாதனங்கள் வரை இணைக்கலாம் என்கிறது விதி. ஏட்டுச் சுரைக்காய். நடைமுறையில் அதற்கு வெகு முன்பே மின்சாரம் தடுக்கும். 2.0 போர்ட் ஒன்று தர வேண்டிய மின்னோட்டம் 500 மில்லிஆம்பியர், 3.0 என்றால் 900. தனி அடாப்டர் இல்லாத ஹப் அந்த ஒரு போர்ட்டின் மின்சாரத்தைத்தான் எல்லோருக்கும் பங்கு போடுகிறது. 2.0 விதிப்படி அத்தகைய ஹப்பின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் உத்தரவாதம் 100 மில்லிஆம்பியர் மட்டுமே. கீபோர்டுக்கும் டாங்கிளுக்கும் அது போதும். போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் அது காணவே காணாது. டிக், டிக் என்று சத்தம் வரும், டிஸ்க் தெரியாது. அப்படியே தெரிந்தாலும் நகலெடுக்கும் நடுவில் துண்டித்துக்கொள்ளும், கோப்பு பாழாகும். ஹார்ட் டிஸ்க்கை ஹப்பில் போடத்தான் வேண்டுமென்றால் அடாப்டரோடு வரும் ஹப்பையே வாங்குங்கள்.

அடாப்டர் இருந்தாலும் வேகம் பங்குதான். ஹப்பில் இருக்கும் எல்லாமே கணினிக்குப் போகும் ஒரே கேபிளில்தான் போய்வர வேண்டும். இரண்டு வெப்கேமை ஒரே 2.0 ஹப்பில் போட்டால் இரண்டாவது பெரும்பாலும் இயங்காது. மலிவான சில ஹப்களில் இன்னொரு கோளாறும் உண்டு. அடாப்டர் மின்சாரம் கணினிப் பக்கமே திரும்பிப் பாய்ந்து, கணினியை அணைத்த பிறகும் உள்ளே விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும். அப்படிக் கண்டால் அந்த ஹப்பைக் கழற்றி வைத்துவிடுவதே நல்லது. பின்னால் விடுபட்ட 3.0 போர்ட்டில் நான் வைத்திருப்பது அடாப்டர் உள்ள நான்கு போர்ட் ஹப். மேசை ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். கார்டு ரீடரும் பென் டிரைவும் போன் கேபிளும் இப்போது அங்கேதான். ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் இன்னமும் முன்பக்கத்து நேரடிப் போர்ட்.

யூஎஸ்பி தவிர்த்த மற்றவற்றில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நெட்வொர்க் போர்ட் ஒன்று, அது போதும். பழைய வட்டமான பிஎஸ்/2 போர்ட் ஒன்றும் இருக்கிறது. பழைய கீபோர்டு கைவசம் இருந்தால் அதில் போட்டு ஒரு யூஎஸ்பியை மிச்சம் பிடிக்கலாம், ஆனால் கணினியை அணைத்துவிட்டுத்தான் சொருக வேண்டும். ஆடியோவுக்குப் பின்னால் மூன்று துளைகள்: பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து வரும் ஒலிக்கு. முன்பக்கத்தில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் தனித்தனித் துளைகள். போனோடு வந்த ஹெட்செட்டைச் சொருகினால் பாட்டு கேட்கும், மைக் வேலை செய்யாது. அதற்கு இரண்டாகப் பிரியும் சிறிய கேபிள் ஒன்று வேண்டும். யூஎஸ்பி ஹெட்செட் வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் இன்னொரு போர்ட் போய்விடும்.

திரைக்கு ஒரு ஹெச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளேபோர்ட். இரண்டு மானிட்டருக்குச் சரியாக இருக்கிறது. என் மானிட்டர்களில் ஒன்றில் ஹெச்டிஎம்ஐ மட்டுமே இருந்தும், டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து சாதாரண மாற்றிக் கேபிள் ஒன்றோடு அது ஓடுகிறது. இதே கேபிளைத் தலைகீழாகப் போட்டு, ஹெச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டருக்குப் போக முடியாது. அதற்கு மின்சாரத்தில் இயங்கும் வேறு வகை மாற்றி வேண்டும். மதர்போர்டில் இருக்கும் இந்தத் திரைப் போர்ட்டுகள், பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால்தான் உயிர்பெறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் அது இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு போட்டவர்கள் கேபிளை அந்தக் கார்டில்தான் சொருக வேண்டும்.

மெய்யான குறை என்று நான் சொல்வது டைப்-சி இல்லாததைத்தான். புதிதாக வாங்கும் டிஸ்க்குகளும் போன்களும் பல, இரு முனையிலும் சி உள்ள கேபிளோடு வருகின்றன. ஏ போர்ட்டில் சொருகி அதைச் சி ஆக்கும் குட்டி மாற்றிகள் கிடைக்கின்றன, ஆனால் யூஎஸ்பி விதிமுறை அவற்றை அனுமதிப்பதே இல்லை. சிலவற்றில் கேபிளை ஒரு பக்கமாகச் சொருகினால் முழு வேகமும், திருப்பிச் சொருகினால் 2.0 வேகமும் கிடைக்கும். ஒரு முனை ஏ, மறுமுனை சி என்று இருக்கும் நல்ல கேபிள் ஒன்றை வாங்குவதே மேல். அடுத்த மதர்போர்டில் முன்பக்கச் சி-க்கான தனி இணைப்பு உள்ளே இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன், கேபினெட்டை அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பேன். பின்பக்கம் சி இருந்தாலும் அதில் மானிட்டர் ஓடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பல போர்டுகளில் அது தரவுக்கு மட்டும். திரைக்கும் உதவுமா என்பதைப் போர்டின் கையேட்டில் அந்தப் போர்ட்டுக்கு நேரே டிஸ்ப்ளேபோர்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.