சாம்பிளில் இருந்த ப்ளூடூத் மொத்த ஆர்டரில் இல்லை

சட்டையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் எல்இடி பேட்ஜ், அகலத்தில் 44, உயரத்தில் 11 விளக்குப் புள்ளிகள் கொண்ட வகை, மொத்தமாக வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

பிள்ளைகளுக்கு நடத்தும் ஞாயிறு வகுப்புக்காக 20 பேட்ஜ் தேவைப்பட்டது. இந்த வகைக்கென்றே ஃபாஸ்ஏசியா குழுவின் 'பேட்ஜ் மேஜிக்' என்ற திறமூலச் செயலி (நிரலை யாரும் பார்த்து மாற்றலாம்) இருக்கிறது. எழுத்தையோ படத்தையோ போனிலிருந்து ப்ளூடூத்தில் அனுப்பலாம். உள்ளே சிஎச்582 என்ற ப்ளூடூத் சிப் இருந்தால் அதற்கும் திறமூல ஃபர்ம்வேர், அதாவது சிப்பை இயக்கும் மென்பொருள், உண்டு. கொஞ்சம் பழகிய பிள்ளைகள் சிப்பையே புரோகிராம் செய்யலாம். அதற்காகத்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் ஆன்லைனில் ஒன்றே ஒன்று வாங்கினேன், 650 ரூபாய். செயலி உடனே கண்டுபிடித்தது. பின்மூடியைக் கழற்றினால் சிப்பின் மேல் எண் பளிச்சென்று தெரிந்தது. சரி, நம்பலாம் என்று 20 கேட்டேன். அப்போது விற்பவரே போன் செய்தார். "சார், நேரா எங்க யூபிஐக்குப் போட்டுடுங்க, ஒண்ணுக்கு 80 ரூபாய் குறைச்சுத் தர்றோம்." 11,400 ரூபாய் அனுப்பினேன்.

வகுப்புக்கு முந்தின நாள் மாலை பெட்டி வந்தது. அதே உறை, அதே காந்தம், அதே பொத்தான்கள். ஆனால் 3 பேட்ஜைத்தான் போன் கண்டுபிடித்தது. மற்ற 17இல் ஒன்றைத் திறந்தேன். சிப் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பிசின் பொட்டு ஒன்று. எண்ணும் இல்லை, கால்களும் இல்லை; உள்ளே எந்தச் சிப் என்றே தெரியாது. இன்னொன்றில் பேட்டரி பூரி மாதிரி உப்பி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. உப்பிய பேட்டரியை சார்ஜ் போடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். மின்கழிவு எடுப்பவர்களிடமே கொடுங்கள்.

அந்த 17இல் உப்பியது போக மற்றவற்றில் கேபிள் வழியாக எழுத்து ஏற்ற முடிகிறது. ஆனால் வகுப்பில் இருந்ததோ ஒரே லேப்டாப். ஒரு சிறுமி தன் பெயரில் வரும் 'ழ'வை 11 வரிசைக்குள் அடக்க, கட்டம்போட்ட தாளில் நாலு முறை அழித்து அழித்து வரைந்து வைத்திருந்தாள். அவள் முறை வருவதற்குள் வகுப்பு நேரம் முடிந்துவிட்டது.

விற்பவரிடம் கேட்டேன். "அதே மாடல்தான் சார், கேபிள்ல ஏத்திக்கலாமே?" படங்களை அனுப்பியதும், "பிரிச்ச பீஸை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்றார். அதன்பின் போனை எடுக்கவே இல்லை. விற்பனைத் தளத்தில் முறையிட்டால், எங்கள் வழியாகப் பணம் கட்டவில்லையே என்கிறார்கள். 80 ரூபாய் தள்ளுபடி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

ஒரு சாம்பிள் சரியாக இருந்தது என்று மொத்தத்தையும் நம்பிவிடாதீர்கள். அனுப்பப்போகும் பெட்டியிலிருந்தே நாலைந்தை எடுத்து, போனோடு இணைத்துக் காட்டும் வீடியோவை முதலில் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். எவ்வளவு குறைத்தாலும் பணத்தைத் தளத்துக்குள்ளேயே கட்டுங்கள். பெட்டியைப் பிரிப்பதையும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை.

இன்று காலையும் பார்த்தேன். அதே படம், 'ப்ளூடூத் உண்டு' என்ற அதே வரியோடு அந்தப் பேட்ஜ் இன்னும் விற்பனையில்தான் இருக்கிறது.