ஃபாலோ லைட்: ஹாலஜனா, டிஸ்சார்ஜா, எல்.இ.டி.யா?

வடசென்னையில் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்தில் எங்கள் நாடகம். இரண்டாம் பாதியில், அம்மா போய்ச் சேர்ந்த சேதி கேட்டு மகன் மேடை முன்னால் வந்து நிற்கும் இடம். சரியாக அப்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர் சீக்கிரமே பிடித்துக்கொண்டது, மேடை விளக்குகள் எல்லாம் வந்துவிட்டன. நடிகர் போகும் இடமெல்லாம் வட்டமாகத் துரத்தி அடிக்கும் ஃபாலோ லைட் மட்டும் வரவில்லை. "பத்திக்க மாட்டேங்குதுண்ணா" என்று பையன் ஸ்விட்சைத் தட்டிக்கொண்டே இருந்தான். வாடகைக்கு எடுத்த 575 வாட் டிஸ்சார்ஜ் விளக்கு அது, ஃபிலமென்ட் இல்லாமல் வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து எரிகிற வகை. ஒருமுறை அணைந்தால் பல்பு சூடு ஆறும்வரை மறுபடி பற்றாது. மகன் அழுது முடித்து உள்ளே போய் ஒரு காட்சியும் தாண்டிய பிறகுதான் வந்தது, அதுவும் யாரும் இல்லாத மூலையில்.

சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவோம் என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தோம். வாங்கும்முன் ஹாலஜன், டிஸ்சார்ஜ், எல்.இ.டி. என்று மூன்று வகையையும் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தோம்.

வால்டாக்ஸ் ரோட்டில் ஒற்றைவாடை தியேட்டர் இருந்த காலத்தில் நாடகத்துக்கென்றே ஒரு கொட்டகை இருந்தது. இப்போது எங்களுக்கு இந்த வாரம் வண்ணாரப்பேட்டையில் கல்யாண மண்டபம், அடுத்த வாரம் வியாசர்பாடியில் பள்ளிக்கூட ஹால். விளக்கு குட்டி யானையில் போய்வர வேண்டும். அங்கே எந்த பிளக் பாயிண்ட் கிடைக்கும் என்பது போனால்தான் தெரியும். பெரிய சபாக்காரர்கள் சொல்லும் யோசனை நமக்கு அப்படியே பொருந்தாததற்குக் காரணம் இதுதான்.

முதலில் வாட்டைப் பார்க்காதீர்கள், தூரத்தைப் பாருங்கள். 10 டிகிரி விரியும் விளக்கு 15 மீட்டரில் சுமார் 2.6 மீட்டர் வட்டம் போடும். ஓர் ஆள் தலை முதல் கால் வரை அடங்குவார். அதே விளக்கை 8 மீட்டரில் வைத்தால் வட்டம் 1.4 மீட்டர்தான், காலை வெட்டிவிடும். சின்ன ஹாலில் 20 டிகிரி தேவைப்படும். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு, அதனால் பவரைப் பற்றிய கவலையும் குறைந்துவிடும். சிலர் ஷார்பியை, அதாவது கச்சேரி மேடைகளில் கத்தி மாதிரி ஒல்லியாகக் கதிர் அடிக்கும் சுழல் விளக்கை, வைத்தே சமாளிக்கலாம் என்பார்கள். அது விரிவதே 3, 4 டிகிரி. 15 மீட்டரில் ஒரு மீட்டர் வட்டத்தை வைத்துக்கொண்டு ஓடுகிற நடிகரைத் துரத்தினால் தலை ஒரு பக்கம், வெளிச்சம் ஒரு பக்கம்.

டிஸ்சார்ஜைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வெளிச்சத்தில் அதை அடிக்க ஆளில்லை. பெரிய மைதானத்துக்கு எடுங்கள். ஆனால் பல்புக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பாலாஸ்டோடு சேர்த்துத் தூக்க இரண்டு பேர் வேண்டும், முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிடம் ஆகும், கரண்ட் கண்சிமிட்டினால் கதை முடிந்தது. எங்களுக்கு வேண்டாம்.

உண்மையான போட்டி ஹாலஜனுக்கும் எல்.இ.டி.க்கும்தான். முகத்துக்கு ஹாலஜன்தான், இதில் நான் பிடிவாதக்காரன். 3200 கெல்வின் (வெளிச்ச நிறத்தின் அளவு, எண் ஏற ஏற நீலம்) மஞ்சள் கலந்த வெளிச்சத்தில் நம் ஊர் மாநிறமும் கருப்பும் உயிரோடு இருக்கும். மலிவான எல்.இ.டி. 6500-க்கு மேல் நீலமாக அடிக்கும், சிலது பச்சையும் காட்டும். கதாநாயகியாக நடித்த பெண் ஒத்திகை வீடியோவைப் பார்த்துவிட்டு, "என்னண்ணா, திருநீறு பூசின மாதிரி இருக்கேன்" என்றார். நீலத்தைக் குறைத்து மஞ்சளாக்கும் அரை சி.டி.ஓ. ஜெலட்டின் தாளை விளக்கு முன்னால் போட்ட பிறகுதான் சரியானது. கொஞ்சம் வெளிச்சம் போகும், போகட்டும்.

ஆனால் 1000 வாட் ஹாலஜன் நாலரை ஆம்பியர் வரை இழுக்கும். மண்டபத்தின் பழைய 5 ஆம்ப்ஸ் பாயிண்டில் செருகினால் சற்று நேரத்தில் பிளக் சுடும், அதனால் 15 ஆம்ப்ஸ் பாயிண்டைத் தேடி ஒயர் இழுக்க வேண்டும். 200 வாட் எல்.இ.டி. ஒரு ஆம்பியரோடு நின்றுவிடும். வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓடும், கரண்ட் போனாலும் மகன் இருட்டில் அழ வேண்டியதில்லை. எங்கள் மனசை மாற்றியது இதுதான். 200 வாட் எல்.இ.டி. வாங்கினோம், பழைய ஹாலஜன் ஒன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டோம்.

கடையில் எல்.இ.டி. பார்க்கும்போது ஸ்டிக்கரை நம்பாதீர்கள். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கூட வந்தவரை எதிரே நிறுத்தி முகத்தில் அடித்துப் பாருங்கள். பிறகு மெதுவாக மங்கவிடுங்கள். கடைசிப் பத்து சதவீதத்தில் குதித்து அணைந்தால், சோகக் காட்சியில் கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும். போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள், கோடு ஓடினால் வேண்டாம். ஃபேன் சத்தத்தையும் கேளுங்கள். சின்ன ஹாலில் கடைசி வரிசைக்காரர் வசனத்துக்குப் பதில் அதைத்தான் கேட்பார்.

வாங்கியபின் காப்பாற்றுவதுதான் பாடு. ஹாலஜன் பல்பை வெறுங்கையால் தொடக்கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் வெளுத்துப் பல்பு போய்விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். புதுப் பல்பு நாலு ஷோவில் போனால் கடைக்காரரைத் திட்டும்முன் ஹோல்டரைப் பாருங்கள், பல்பின் கம்பிமுனை தொடும் இடம் கறுத்திருக்கும். ஷோ முடிந்ததும் சூட்டோடு வண்டியில் ஏற்றாதீர்கள். மின்ட் தெருப் பக்கத்துப் பள்ளம் ஒன்று போதும், ஃபிலமென்ட் அறுந்துவிடும்.

வெளிச்ச வட்டத்தைச் சின்னதும் பெரிதுமாக்கும் ஐரிஸ் தகடுகள் இறுகினால் எங்கள் பையன் தேங்காய் எண்ணெய் விட்டுவிடுவான். சூட்டில் அது புகைந்து, தூசியோடு சேர்ந்து பிசினாகும். பூட்டுக்குப் போடும் கிராஃபைட் பவுடர் ஒரு சிட்டிகை போதும். காசிமேட்டுக் காற்றில் உப்பு உண்டு, இரண்டு வாரம் சும்மா வைத்தாலே ஐரிஸ் தகடு துருப்பிடிக்கும். பெட்டியில் சிலிகா ஜெல் போட்டுவைக்கிறோம்.

எல்.இ.டி.க்கு எதிரி தூசி. போன மாதம் இடைவேளைக்குப் பிறகு வெளிச்சம் கண்முன்னே குறைந்தது. ரிப்பேர் என்று பயந்தோம். உள்ளே சூடு ஏறினால் அதுவே தன்னைக் குறைத்துக்கொள்ளும். மறுநாள் மொட்டை மாடியில் பின்மூடியைக் கழற்றினால், ஃபேன் வலையில் விரல் கனத்துக்குக் கருப்பு மாவு. அதற்கு முந்தைய இரண்டு ஷோவும் நிலக்கரித் தூசி பறக்கும் எண்ணூரில்.