கிள்ளுவதா, அறுப்பதா, வேரோடு பிடுங்குவதா? மாடித்தொட்டி இலைகளைப் பறிக்கும் முறைகள்: ஓர் ஒப்பீடு

மாடித்தொட்டிக் கறிவேப்பிலை ஒரே குச்சியாக நெட்டையாக வளர்ந்து, உச்சியில் மட்டும் குடை விரித்தாற்போல நாலு கொத்தோடு நிற்கிறதா? உரத்தைக் குறை சொல்வதற்கு முன் பறித்த விதத்தைப் பாருங்கள். வடசென்னையின் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி மாடிகளில் பாதிச் செடிகள் இந்தக் கோலத்தில்தான் நிற்கின்றன. அவசரத்துக்குக் கைக்கு எட்டிய கீழ் இலையைப் பறிப்பதும், உச்சியைத் தொட மனம் வராததும்தான் காரணம்.

சமையலுக்கு இலை எடுக்க மூன்று வழி புழக்கத்தில் உண்டு: நுனியைக் கிள்ளுவது, தண்டோடு அறுப்பது, வேரோடு பிடுங்குவது. எந்தச் செடிக்கு எது என்பது அதன் துளிர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. கறிவேப்பிலைக்கு இலைக்காம்பின் அடியில் இருக்கும் கணுவிலிருந்து வரும். புதினாவுக்கு மண்ணுக்கடியில் ஓடும் தண்டிலிருந்தும் வரும். கொத்தமல்லிக்கு நடுக்குருத்து ஒன்றுதான்; அது போனால் செடியின் கதை ஏறக்குறைய முடிந்தது.

கறிவேப்பிலை: உருவுவதும் ஈர்க்கோடு எடுப்பதும் நுனியை வெட்டுவதும்

நாம் ஒரு ஈர்க்கு என்று சொல்வது உண்மையில் ஒரே ஒரு இலை. அதில் இருபுறமும் வரிசையாக இருப்பவை அந்த இலையின் சிற்றிலைகள். ஆகவே ஈர்க்கைச் செடியிலேயே விட்டுவிட்டுச் சிற்றிலைகளை மட்டும் உருவினால், மொட்டை ஈர்க்கில் மறுபடி ஒன்றும் முளைக்காது. சில நாளில் காய்ந்து விழும். ரசத்துக்கு நாலு இலை போதுமே என்று சிக்கனம் பார்த்து உருவுவதில் மிச்சமாவது எதுவும் இல்லை.

ஈர்க்கோடு எடுப்பது இதைவிட மேல். ஆனால் கீழ்நோக்கிப் பிய்த்து இழுக்கக் கூடாது. இழுத்தால் தண்டின் பட்டையும் சேர்ந்து உரியும், அந்தக் கணுவில் இருக்கும் மொட்டும் போய்விடும். ஈர்க்கின் அடியைப் பிடித்து மேல்நோக்கி மடக்கி ஒடிக்கலாம், அல்லது சிறு கத்தரியால் வெட்டலாம். ஒரு தாளிப்புக்கு ஒரு ஈர்க்கு தாராளம்.

ஈர்க்கு ஈர்க்காகக் கீழிருந்தே எடுத்துக்கொண்டு போனால்தான் அந்தக் குடைக்கோலம் வரும். அதற்கு மாற்று, நுனியை வெட்டுவது. செடி ஒன்றரை அடி எட்டியதும் உச்சியிலிருந்து மூன்று நான்கு ஈர்க்கோடு தண்டை, ஒரு கணுவுக்குச் சற்று மேலே, வெட்டிவிட வேண்டும். உச்சி மொட்டு இருக்கும்வரை கீழ்க்கணுக்கள் தூங்கும். அது போனதும் இரண்டு மூன்று பக்கக்கிளைகள் கிளம்பும். அவை ஒவ்வொன்றும் முக்கால் அடி வளர்ந்ததும் மறுபடி நுனி. இப்படி இரண்டு சுற்று முடிந்தால் செடி புதராகிவிடும். அதன்பின் சமையலுக்கு வேண்டிய இலையை நுனி வெட்டாகவே எடுத்துக்கொள்ளலாம், தனியாகக் கவாத்து பண்ண வேண்டியதில்லை. பூங்கொத்து தலைகாட்டினால் உடனே கிள்ளிவிடுங்கள், காய் பிடித்தால் புதுத்துளிர் குறையும்.

இரண்டு எச்சரிக்கை. முதல் ஒரு வருஷம் நுனி தவிர வேறு எதையும் பறிக்கக் கூடாது. மார்கழி, தை மாதங்களில் செடி மந்தமாகத்தான் இருக்கும். அப்போது பலமாக வெட்டினால் துளிர் வரத் தாமதமாகும். பெரிய வெட்டை மாசிக்குத் தள்ளிவையுங்கள்.

பறிக்கும்போதே இலையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. பறவை எச்சம் மாதிரி கறுப்பு வெள்ளையாக ஒட்டியிருப்பது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் இளம்புழு. வளர்ந்தபின் பச்சையாகி இலையோடு இலையாக மறைந்துகொள்ளும், இளஞ்செடியை நாலைந்து நாளில் மொட்டையடித்துவிடும். கையால் எடுத்துப் போட்டாலே போதும். வேப்பெண்ணெய் அடிப்பதென்றால் லிட்டருக்கு 5 மில்லி, சில துளி சோப்புக் கரைசலோடு, வெயில் தாழ்ந்தபின். அடித்தபின் ஒரு வாரமாவது பறிக்காதீர்கள். கசப்பு குழம்பு வரைக்கும் வரும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கறிவேப்பிலைப் பொடிக்கு இரண்டு கப் இலை அழுத்தி வேண்டும் என்றால் தொட்டிச் செடி தாங்காது. அதற்குக் கடையில் வாங்குவதே சரி. தொட்டிச் செடி தினசரித் தாளிப்புக்கு.

புதினாவும் கொத்தமல்லியும்

கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டுகள். தொட்டியில் இரண்டுக்கும் ஒட்டே கிடையாது.

புதினாவை வெட்ட வெட்டத்தான் வளரும். கிள்ளிக் கிள்ளி எடுப்பவர்களின் தொட்டியில் தண்டு முற்றி, கீழே மொட்டையாகி, நுனியில் மட்டும் சின்ன இலை நிற்கும். அறுப்பதுதான் சரியான முறை. தண்டுகள் அரை அடி முக்கால் அடி வந்ததும், மண்ணுக்கு மேல் இரண்டு விரற்கடை விட்டு, குறைந்தது இரண்டு கணு மிஞ்சும்படி கத்தரியால் ஒரேயடியாக அறுங்கள். கையால் இழுத்தால் ஓடுதண்டு வேரோடு பெயர்ந்து வரும். ஒரு பக்கத்தை இந்த வாரமும் மறு பக்கத்தை இரண்டு வாரம் கழித்தும் அறுத்தால் தொட்டி காலியாவதே இல்லை. அறுத்த இடம் மூன்று நான்கு வாரத்தில் மறுபடி தயார். 12 அங்குல அகலத் தொட்டியில் ஒரு முழு அறுப்பு, ஒரு வேளைத் துவையலுக்கு ஆகும். பிரியாணிக்கு ஒரு கிலோ கறி என்றால் தொட்டி மட்டும் போதாது, கட்டும் வாங்கத்தான் வேண்டும்.

புதிதாக வைக்க விதை தேட வேண்டாம். கடைக் கட்டில் தடித்த தண்டாக நாலைந்து எடுத்து, கீழ் இலைகளை நீக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் நிழலில் வைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடும். காசிமேட்டில் மீன் வந்த தெர்மாகோல் பெட்டி இதற்கு அருமையான தொட்டி, அகலம் அதிகம், ஆழம் குறைவு. ஆனால் உப்பும் மீன் கழிவும் போக இரண்டு மூன்று முறை கழுவிக் காயவைத்து, அடியில் ஆறேழு துளை போட்டபின் மண் நிரப்புங்கள். கழுவாமல் நட்டால் இலை ஓரம் கருகும், மாடியில் பூனையும் குடியேறும்.

கொத்தமல்லிக்கு இந்த அறுப்பு ஒத்துவராது. மண்ணோடு ஒட்ட அறுத்தால் குளிர்மாதத்தில் ஒருமுறை மெலிந்த மறுதுளிர் வரும், அவ்வளவுதான். இதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, வெளிச்சுற்றுக் காம்புகளை மட்டும் அடியோடு வெட்டி, நடுக்குருத்தை விட்டுவைப்பது. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல். இப்படி ஒரே விதைப்பில் மூன்று நாலு தடவை எடுக்கலாம். மற்றொன்று, நெருக்கமாக விதைத்து, 20ஆம் நாளிலிருந்து நெருக்கமான இடங்களில் வேரோடு பிடுங்குவது. நமது பழக்கத்துக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது எங்கள் கட்சி. ரசத்துக்குக் கொத்தமல்லியின் வாசம் தண்டிலும் வேரிலும்தான் அதிகம். வேரைக் கழுவி நசுக்கிப் போட்டால் இலையை அள்ளிப் போட வேண்டியதில்லை. பிடுங்கப் பிடுங்க மீதிச் செடிக்கு இடமும் கிடைக்கும். 15 நாளுக்கு ஒருமுறை அடுத்த பெட்டியில் ஒரு கைப்பிடி விதைத்துக்கொண்டே வந்தால் தொடர்ச்சி அறாது.

விதைக்கும் தனியாவை உருட்டுக் கட்டையால் லேசாக அழுத்தி இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்துப் போடுங்கள். ஒவ்வொரு மணியிலும் இரண்டு விதை இருக்கிறது. பத்துப் பதினைந்து நாளில் முளைக்கும், 40 நாளில் முழு அறுவடை.

எல்லாம் சரி, எப்போது? கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரை விதைத்தால்தான் நம் ஊரில் கொத்தமல்லி கொத்தமல்லியாக இருக்கும். ஐப்பசி அடைமழையில் நாற்று அழுகும். பங்குனி வெயில் ஏறினால் இலை நூல் நூலாக மெலிந்து, தண்டு நீண்டு, பூ வந்துவிடும். பூத் தண்டு கிளம்பியபின் நுனியைக் கிள்ளி நிறுத்தலாம் என்பது வீண் வேலை. கத்திரி வெயிலில் கொத்தமல்லித் தொட்டிக்குத் தண்ணீர் சுமப்பதைவிட மார்க்கெட்டில் கட்டு வாங்குவது லாபம். புதினாவைப் பிற்பகல் நிழலில் வைத்தால் கோடையையும் தாண்டிவிடும். வருஷம் முழுக்க என்று பார்த்தால் புதினாவுக்கே எங்கள் ஓட்டு.

கற்பூரவல்லி, லெமன்கிராஸ்

கற்பூரவல்லிக்குக் கையே போதும். நுனியிலிருந்து இரண்டு ஜோடி இலையோடு மடக் என்று ஒடித்தால் ஒடிந்த இடத்தில் இரண்டு கிளை வரும். தனி இலையாகப் பறித்தால் தண்டு நீண்டு சாயும். பஜ்ஜிக்குப் பெரிய இலை, ரசத்துக்கு இளசாக நாலைந்து. ஓமத்தில் இருக்கும் தைமால் இதிலும் இருப்பதால் அளவு மீறினால் காரல் அடிக்கும். தண்ணீர் அதிகமானால் அடித்தண்டு அழுகும், வேறு தொல்லை கிடையாது.

லெமன்கிராஸில் இலை வேண்டுமா, தண்டு வேண்டுமா என்பதைப் பொறுத்து முறை மாறும். டீக்கு என்றால் தரையிலிருந்து அரை அடி விட்டு இலையை அறுத்தால் போதும். பர்மாவிலிருந்து வந்து வியாசர்பாடிப் பக்கம் குடியேறியவர்களின் மொகிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) மாதிரிச் சமையலுக்கு வெள்ளை அடித்தண்டு வேண்டும். புதரின் வெளிப்புறத் தண்டை அடியில் பிடித்து, வெளிப்பக்கமாக முறுக்கி இழுத்தால் குருத்தோடு வரும். இலையோரம் பிளேடு மாதிரி, விரலைக் கீறும். துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

உப்புத்தண்ணீரும் தூசியும்

கடலோரத் தெருக்களின் போர் தண்ணீரில் உப்பு அதிகம். இலை நுனி பழுப்பதும், தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூப்பதும் அடையாளம். முதலில் படுத்துக்கொள்வது கொத்தமல்லி, அடுத்தது புதினா. கற்பூரவல்லி ஓரளவு தாக்குப்பிடிக்கும். மெட்ரோ தண்ணீர், பிடித்துவைத்த மழைநீர், உப்புப் போடாத அரிசி கழுவிய நீர் எதுவானாலும் இந்த இரண்டுக்கும் முதலில் கொடுங்கள். மாதம் ஒருமுறை தொட்டி வழிய நல்ல தண்ணீர் விட்டால் தேங்கிய உப்பு கீழே கழுவிப் போகும்.

எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல். மணலி, துறைமுகச் சாலைகளில் லாரித் தூசி. கறிவேப்பிலை வழுவழுப்பானது, ஒரு அலசலில் சுத்தமாகும். புதினாவின் சுருக்கத்திலும் கற்பூரவல்லியின் ரோமத்திலும் தூசி உட்கார்ந்துகொள்ளும். அதனால் அறுப்பதற்கு முந்தின நாள் மாலையிலேயே செடிமேல் தண்ணீரை நன்றாக அடித்துவிடுங்கள். காலையில் இலை உலர்ந்தபின், எட்டு மணிக்குள் அறுங்கள். அந்த நேரத்தில் இலை தண்ணீர் நிறைந்து விறைப்பாக இருக்கும், வாசமும் வெயிலில் பறக்காமல் இருக்கும். பிறகு வாய் அகன்ற பாத்திரத்தில் முக்கி அலசி, இலையை மேலாக அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி இலைமேல்தான் விழும்.

எடுத்த இலையை வைப்பதிலும் வித்தியாசம் உண்டு. வேரோடு பிடுங்கிய கொத்தமல்லியை வேர் மட்டும் முங்கத் தண்ணீரில் நிறுத்தினால் இரண்டு நாள் வெளியிலேயே நிற்கும். ஃபிரிட்ஜ் என்றால் கழுவாமல், ஈரமில்லாமல், துணியில் சுற்றி டப்பாவில். ஈரத்தோடு மூடினால் மூன்றாம் நாள் கொழகொழப்பு. கறிவேப்பிலையை ஈர்க்கோடு உலர்ந்த டப்பாவில் போட்டால் இரண்டு வாரம் தாங்கும், உருவிப் போட்டால் சீக்கிரம் கறுக்கும். கழுவியதைத் துடைக்காமல் காய்ந்த எண்ணெயில் போட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. புதினாவை ஆய்ந்தபின் மிஞ்சும் தண்டுகளில் கணு இருப்பதாகப் பார்த்து நாலைப் பெட்டியின் காலி மூலையில் செருகி வையுங்கள், ஒன்றிரண்டாவது பிடித்துக்கொள்ளும்.