யாழ்ப்பாணம் போக: புத்தளமா, குருநாகலா?

கொழும்பு வெள்ளவத்தையில் யாரைக் கேட்டாலும் புத்தளம் பாதையைத்தான் சொல்லுவார்கள். நானும் பல வருசம் அதில்தான் போய்வந்தேன். போன வருசம் தொடக்கம் குருநாகல் பக்கம் மாறிவிட்டேன். நேரம் கூடத்தான் எடுக்கிறது, மறைக்கவில்லை.

எண்ணெய்ச் செலவு, சாப்பாட்டுக் கடை பற்றியெல்லாம் நீட்ட ஒன்றுமில்லை. சிலாபம் வரை ஒரு நெரிசல், குருநாகலில் இன்னொரு நெரிசல். விசயம் அதற்குப் பிறகு வண்டி பிடிக்கும் வேகம்தான்.

புத்தளத்தில் திரும்பி ஏ-12 வீதியில் ஏறி, கருவலகஸ்வெவ தாண்டினால் பாதை நேராகக் கிடக்கும். நல்ல தார், வீடுகள் குறைவு, கண்ணுக்கெட்டிய தூரம் வெளி. கிட்டத்தில் மரமோ மதிலோ பின்னால் ஓடாவிட்டால் கண்ணுக்கு வேகம் தெரியாது. மணிக்கு 70 கிலோமீற்றரில் போகிறோம் என்று நினைத்து முள்ளைப் பார்த்தால் 90. ஊர்மனைக்கு வெளியே காருக்குச் சட்டம் தருவதே 70 தான். அந்த 20 கூடினால், பிரேக்கை அமத்திய பிறகு வண்டி ஓடும் தூரம் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. பக்கத்தில் வில்பத்துக் காடு. பொழுதுபட்டால் யானை கடக்கிற இடம்.

குருநாகல் பக்கம் ஏ-6 அப்படி விடாது. இப்பாகமுவ, கலேவெல என்று கடைத்தெரு வந்துகொண்டே இருக்கும். ஒரு வளைவு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு மஞ்சள் கடவை. அறுவடைக் காலமென்றால் தாரோரம் காயும் நெல். வளைவுக்கு அப்பால் என்ன நிற்கிறதென்று தெரியாதபோது கால் தானாகவே எழும்புகிறது. என் மச்சானை வைத்தே சொல்கிறேன். புத்தளம் பாதையில் "மெதுவா, மெதுவா" என்று அக்கா கத்திக்கொண்டே வருவார். அதே ஆள், அதே வான், குருநாகல் பாதையில் யாரும் சொல்லாமலே 55 இல் போனார். அக்கா நித்திரை!

குறையும் உண்டு. லொறிக்குப் பின்னால் மாட்டிப் பொறுமையிழந்து வளைவில் முந்துகிறவர்களை இங்கேதான் அதிகம் பார்த்தேன். இந்தப் பாதையில் நான் பகலில் மட்டுமே ஓட்டியிருக்கிறேன், ஆகவே இரவுப் பயணத்துக்கு என் பேச்சை எடுக்க வேண்டாம். தம்புள்ளையில் ஏறுகிற ஏ-9 உம் கெக்கிராவ தாண்டியதும் மெல்ல விரிந்துவிடும். மதவாச்சிக்குப் பிறகோ இரு கட்சிக்கும் ஒரே பாதை. மாங்குளத்தடியில் அதே நேர்கோடு, அதே வியாதி. அங்கே மட்டும் அக்காவை எழுப்பிவிடுகிறோம்.