பெரிய குழுவில் ஊமை, சின்னக் குழுவில் வாயாடி: ஒரு ஆங்கில டீச்சரின் ஆறு வருடம்

2020இல் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோதுதான் ஆங்கில ஆசிரியர்களுக்கான முதல் வாட்ஸ்ஆப் குழுவில் சேர்ந்தேன். நீடாமங்கலம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை ஆங்கிலம் எடுக்கிறேன். அப்போது ஒரு குழுவில் 256 பேருக்கு மேல் சேர முடியாது. இடம் கிடைத்ததே பெரிசு என்றிருந்தது.

உள்ளே காலை வணக்கம், அகவிலைப்படி அரசாணை, யாரோ விற்கும் நோட்ஸ் பிடிஎஃப். பாடம் பற்றிய பேச்சு அபூர்வம். 'வெட்னஸ்டே'வா, 'வென்ஸ்டே'வா என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். "இங்கிலீஷ் டீச்சருக்கே சந்தேகமா?" என்று பதில் வந்தது, கூடவே நாலைந்து சிரிப்புப் பொம்மைகள். (முதல் 'டி' எழுத்தில் மட்டும்தான், வாயில் வராது. அதைச் சொல்ல ஆளில்லை.) அத்தோடு அங்கே வாயை மூடிக்கொண்டேன். 2022இல் குழுவின் எல்லை 1024 ஆனதும் காலை வணக்கங்கள்தான் கூடின.

அதே வருடம் வட்டார வள மையப் பயிற்சியில் ஒரே வரிசையில் உட்கார்ந்த ஒன்பது பேர், டீ குடித்துக்கொண்டே இன்னொரு குழு ஆரம்பித்தோம். இன்றைக்குப் பதினேழு பேர். மன்னார்குடி, முத்துப்பேட்டை, தலைஞாயிறு வரை ஆள் உண்டு. ஃபார்வர்டு கூடாது, கேட்டவரைக் கிண்டல் பண்ணக் கூடாது. விதி இவ்வளவுதான்.

முதலில் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு வீடியோ கூட்டம் போட்டோம். ஏழு மணிக்கு அடுப்படியில் நிற்பவர்கள் யார், நாற்காலியில் இருப்பவர்கள் யார் என்று முதல் வாரமே தெரிந்துவிட்டது. பேசியதெல்லாம் சார்கள்தான். மூன்றாம் மாதம் அதை விட்டுவிட்டு வாய்ஸ் நோட்டுக்கு மாறினோம். அவரவர் கை ஒழிந்தபோது கேட்கலாம், பதில் சொல்லலாம். இரவு பத்து மணி வாய்ஸ் என்றால் பின்னால் தவளைச் சத்தமும் சேர்ந்து வரும்.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் ஒரே ஒரு வாய்ஸ். என் பிள்ளைகளுக்கு 'பின்'னும் 'பின்'னும், அதாவது குத்தும் ஊசியும் குப்பைக் கூடையும், ஒன்றுதான். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ப' இருந்தால் வேறென்ன செய்வார்கள்? முத்துப்பேட்டை சார் சொன்னார்: "டீச்சர், பம்பரம்னு சொல்லச் சொல்லுங்க. முதல் 'ப'வும் நடு 'ப'வும் ஒண்ணா? ரெண்டு சத்தமும் அவங்க வாயிலயே இருக்கு. எடுத்துக் காட்டினா போதும்." மறுநாள் வகுப்பில் பம்பரம், பாம்பு, அப்புறம் உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதம். ஊசிக்குக் காகிதம் ஆடியது, கூடைக்கு ஆடவில்லை. எட்டாம் வகுப்பு வரை வந்தும் குழம்பிக்கொண்டிருந்த ஒரு பெண், காகிதத்தை வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டாள்.

குறைகள் இல்லாமல் இல்லை. வாய்ஸ் நோட்டில் எதையும் தேடி எடுக்க முடியாது. போன வருடம் என் போன் மழையில் நனைந்து செத்தது. பேக்கப் எடுக்காதது என் தப்பு, பம்பரம் உட்பட எல்லாம் போயிற்று. இப்போது முக்கியமானதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். நடவு, அறுப்பு நாட்களில் நிலம் வைத்திருக்கும் சார்களைக் காணவே முடியாது. பதினேழில் ஆறு பேர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்கிறார்கள், அவ்வளவுதான், நானும் அப்படி இருந்தவள் என்பதால் விரட்டுவதில்லை.

போன வாரம் தலைஞாயிறு டீச்சர் கேட்டது: பையன் தன் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறான், வரப்பு, மதகுக்கெல்லாம் வார்த்தை வேண்டும். வரப்புக்கு 'பண்ட்', மதகுக்கு 'ஸ்லூஸ்', நாற்றங்காலுக்கு 'நர்சரி' என்று வரிசையாக வந்தது. வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக்கு 'டெயில் எண்ட்' என்றார் மன்னார்குடி சார். பாசனத் துறையில் அதுதான் வழக்கு. கொஞ்ச நேரத்தில் டீச்சரின் வாய்ஸ் வந்தது: "சார், வால் நுனியான்னு பையன் சிரிக்கிறான். வேற எதாவது இருக்கா?"

இன்னும் யாரும் பதில் போடவில்லை.