பாதியைத் திரும்பப் பெறுவதா, முழுவதையுமா?

வெளியான ஆய்வுக் கட்டுரையில் பெரும்பிழை தெரிந்தால், இதழ்கள் அதில் ஒரு பகுதியை மட்டும் திரும்பப் பெறலாம். கட்டுரையையே திரும்பப் பெறவும் செய்யலாம். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டு கட்டுரை (லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது) இரண்டையும் கண்டது. 2004இல் அதை எழுதியவர்களில் 10 பேர் முடிவுக்குத் தந்த விளக்கத்தை மட்டும் கைவிட்டார்கள். தரவுகள் அப்படியே நின்றன. எதை நம்புவது என்று வாசகர்தான் திண்டாட வேண்டும். என்னைக் கேட்டால், இது மழுப்பல்.

2010இல்தான் லான்செட் முழுக் கட்டுரையையும் திரும்பப் பெற்றது. அப்போதும் கட்டுரை அழிக்கப்படவில்லை (அழித்தால் பதிவே தொலைந்துவிடுமே!). பக்கங்களின் குறுக்கே ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற முத்திரை விழும்; காரணம் சொல்லும் அறிவிப்பும் இணைக்கப்படும். வெளியீட்டு நெறிமுறைக் குழுவான கோப் (COPE), பாதி வழியை ஊக்குவிப்பதில்லை. சிறு பகுதி மட்டும் பிழை என்றால் திருத்தமே போதும் என்கிறது.