தொட்டிச் செடியின் சிறு கருப்பு ஈ: ஃபங்கஸ் நாட்டா, ஷோர் ஃப்ளையா?

நாற்றுத் தட்டுகளிலும் தென்னை நார்க்கழிவு நிரப்பிய தொட்டிகளிலும் காணப்படும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளக் கருப்பு ஈ பெரும்பாலும் ஃபங்கஸ் நாட் (fungus gnat), ஷோர் ஃப்ளை (shore fly) என்ற இரு பூச்சிகளில் ஒன்றாக இருக்கும். மருந்தைத் தேடுவதற்கு முன், மஞ்சள் ஒட்டும் அட்டையில் சிக்கியவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துவிடுவது மிகவும் அவசியம்.

ஃபங்கஸ் நாட் கொசுவைப் போல மெலிந்த உடலும், நீண்ட கால்களும், நூல் போன்ற நீண்ட உணர்கொம்புகளும் கொண்டது, தளர்வாகவே பறக்கும். ஷோர் ஃப்ளை தடித்த உடலுடையது, உணர்கொம்புகள் மிகக் குட்டையானவை, விரைந்து பறக்கும். இவற்றையெல்லாம்விட நான் நம்பும் அடையாளம் இறக்கைதான்: முன்னதன் தெளிந்த இறக்கையில் ஆங்கில 'ஒய்' எழுத்தைப் போல் கிளைத்த நரம்பு தெரியும், பின்னதன் மங்கலான இறக்கையில் வெளிர்நிறப் புள்ளிகள் இருக்கும்.

செடிக்குக் கேடு நேருமா என்பது அந்த ஈயின் புழு எதைத் தின்கிறது என்பதைப் பொறுத்தது. பளபளக்கும் கருந்தலையுடைய ஃபங்கஸ் நாட் புழு, பூஞ்சையோடு இளம் வேர்களையும் தின்பதால் நாற்றுகள் வாடுகின்றன. ஈர மண்ணின் மேல் வைத்த உருளைக்கிழங்குத் துண்டின் அடியில் ஓரிரு நாளில் அது வந்து சேரும். தனித்த தலை தெரியாத ஷோர் ஃப்ளை புழுவோ பாசியையே உண்கிறது.

ஆகவே, ஃபங்கஸ் நாட்டுக்கு மேல்மண்ணை உலரவிட்டு, 'பிடிஐ' (Bti) எனப்படும், பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்த புழுக்கொல்லி மருந்தை ஊற்றலாம். அம்மருந்து ஷோர் ஃப்ளையிடம் பலிக்காது. அதற்குத் தேங்கிய நீரையும் பாசியையும் அகற்ற வேண்டும்.